குதிரைக்குத் தண்ணி காட்டினானா?

எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வனை ஒருவர் படிக்க, ஒருவர் கேட்டார். படித்தது அத்தை, கேட்டது தாத்தா. நான் இரண்டு பேருக்கும் நடுவே திண்ணையில் உட்கார்ந்து பொட்டுக்கடலையும் வெல்லமும் தின்றுகொண்டிருந்தேன். 1981 அல்லது 82 இருக்கும்.

தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் சிதம்பரத்தில் ஜட்கா ஓட்டியவர். ரயிலடியிலிருந்து கீழவீதி, கீழவீதியிலிருந்து ரயிலடி. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என்றால் ராத்திரி பகல் கிடையாது. ஆட்டோக்கள் வந்து ஸ்டாண்டை நிரப்பியதும் வண்டியை விற்றுவிட்டார். குதிரையை விற்க மனசு வரவில்லை. ராணி என்று பெயர். கொல்லையில் முருங்கை மரத்தடியில் இரண்டு வருஷம் சும்மா நின்று, வயசாகிச் செத்தது. நான் கதை கேட்ட காலத்தில் கொள்ளு ஊறவைக்கிற தொட்டியும் சுவரில் மாட்டியிருந்த லகானும்தான் மிச்சம்.

அத்தையிடம் இருந்தது கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. கல்கி பத்திரிகையில் அந்த நாவல் மறுபடி தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய ஐந்து தொகுதிகள். அத்தியாயம் முடிகிற பக்கத்தில் பாதி சமையல் குறிப்பு இருக்கும், அல்லது தைல விளம்பரம் இருக்கும். அத்தை படிக்கிற வேகத்தில் சில சமயம் கதாநாயகன் வந்தியத்தேவன் வாளை உருவின கையோடு மூட்டுவலிக்குப் போய்விடுவாள். தாத்தா "ம்" கொட்டிக்கொண்டே இருப்பார். அப்புறம்தான் அவருக்கே சந்தேகம் வரும்.

முதல் அத்தியாயம் படித்த அன்று நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. தில்லைக்கு மேற்கே இரண்டு காத தூரத்தில் ஓர் ஏரி, தெற்கு வடக்காக ஒன்றரைக் காத நீளம் என்று கதை தொடங்கும். சுவரில் சாய்ந்திருந்த தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வீராணம்தான?"

"ஆமாம்ப்பா. அப்ப வீரநாராயண ஏரின்னு பேரு."

"காட்டுமன்னார்கோயிலுக்கு நான் சவாரி போயிருக்கேன். கல்யாணக் கோஷ்டி. காலையில கெளம்பினா வெயில் ஏறத்துக்குள்ள கரையப் புடிச்சிடலாம். ரெண்டு காதம் சரிதான். மேல படி."

காதத்துக்கு ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவனான பிறகு நானும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏரி இன்றைக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம். அதுதான் ஒன்றரைக் காதம் என்றால் காதத்துக்குப் பத்து கிலோமீட்டர். சிதம்பரத்திலிருந்து ஏரிக்கரை இருபது சொச்சம். இரண்டு காதம். தாத்தா விரல் மடக்காமல் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அதே பக்கத்தில் கதாநாயகன் குதிரையில் வருகிறான். நெடுந்தூரம் வந்து களைத்துப்போன குதிரை மெல்ல மெல்ல நடக்கிறது, அவனும் அதை விரட்டவில்லை. அத்தை இதைப் படித்ததும் தாத்தா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "அப்படிச் சொல்லு! இது வெவரம் தெரிஞ்ச ஆளு எழுதினது." ஐந்து தொகுதிக்கும் சேர்த்து கல்கிக்கு அவர் கொடுத்த சான்றிதழ் அதுதான். குந்தவையின் அறிவு, நந்தினியின் வஞ்சம், ஆழ்வார்க்கடியானின் குடுமி எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். முதல் பக்கத்தில் குதிரை களைத்திருந்தது, அது போதும்.

அதற்கப்புறம் கேள்விகள். காஞ்சியிலேர்ந்து கெளம்பி எத்தினி நாளாச்சாம்? கடம்பூர் அரமனையில ராத்திரி தங்கினானே, குதிரைக்கு எவன் புல்லுப் போட்டான்? லாடம் பாத்தானா? தண்ணி காட்டினானா? அத்தைக்கு அழுகை வரும். ஆந்தை கத்துகிறது, மதில்மேல் ஓர் உருவம் தெரிகிறது, பழுவேட்டரையர் ரகசியக் கூட்டம் போடுகிறார். இந்த நேரத்தில் கொள்ளு, புல்லு என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? "அதெல்லாம் அரமனை ஆளுங்க பாத்துப்பாங்கப்பா." தாத்தா விடமாட்டார். "அரமனை ஆளு பாத்துப்பான்னு விட்ட குதிரை காலையில நொண்டும்."

தாத்தா கணக்கில் குதிரைக்கு மூன்று ஓட்டம். நடை, தொங்கோட்டம், பாய்ச்சல். நடையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போகும், ஆளும் குதிரையும் பேசிக்கொண்டே போகலாம். தொங்கோட்டத்தில் அதைப் போல இரண்டு மடங்கு. பாய்ச்சல் நாலைந்து கிலோமீட்டருக்குத்தான், அதற்கு மேல் விரட்டினால் நுரை தள்ளும். நாள் தவறாமல் ஓட வேண்டிய குதிரையிடம் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கேட்பது பாவம். தண்ணீர் மட்டும் ஒரு நாளைக்கு இருபத்தைந்திலிருந்து நாற்பது லிட்டர் குடிக்கும். காஞ்சியிலிருந்து தஞ்சாவூர் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆறு நாள் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு நாளில் ராஜ்யத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். இளவரசன் கொடுத்த ஓலை ராஜா கைக்குப் போவதற்குள் ராஜாவே உயிரோடு இல்லாமல் போகலாம். நாவலின் பதற்றமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

நான் சரித்திர நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிறவன். பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம், கும்பினிக் காலம், எது கிடைத்தாலும் விடுவதில்லை. படிக்கத் தொடங்கியதும் என் மனசுக்குள் தாத்தா ஒரு தடவை கனைப்பார். சில நாவல்களில் ராஜா பெயர் சரியாக இருக்கும், கொடி சரியாக இருக்கும், அரண்மனை உப்பரிகை, யாழ், அகில்புகை எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கதாநாயகன் சாயந்திரம் உறையூரில் விடைபெற்று மறுநாள் காலை வஞ்சியில் வாளைச் சுழற்றிக்கொண்டிருப்பான். அந்த இடத்தில் புத்தகம் என் கையில் செத்துவிடும். காலத்தைக் காட்டுவது கிரீடமும் கச்சையும் அல்ல. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆளும் சேதியும் போய்ச்சேர எத்தனை நாள் ஆனது என்பதுதான் அந்தக் காலம். தூரத்தைத் திருடுகிற நாவலாசிரியர் காலத்தையே திருடிவிடுகிறார். அதற்குப் பிறகு பத்தாம் நூற்றாண்டு என்று தலைப்பில் போட்டாலும், உள்ளே ஆள்கள் பஸ்ஸில் போய்வருகிறார்கள்.

குதிரை தமிழ்நாட்டில் சும்மா கிடைத்த பிராணியும் அல்ல. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை வர்ணிக்கும்போதே கடல் வழியாக வந்த குதிரைகளைச் சொல்லிவிடுகிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகள், அதாவது சேர நாட்டுக் குதிரை வியாபாரிகள், வருகிறார்கள். 1290களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆனால் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதியிருக்கிறார். லாடம் அடிக்கத் தெரிந்தவன் இல்லை, குதிரைக்கு வேகவைத்த இறைச்சியும் சோறும் போடுகிறார்கள், நல்ல ஜோடிக்குப் பிறக்கிற குட்டிகூடக் கால் கோணலாகப் பிறக்கிறது என்றெல்லாம் அவர் புலம்பல். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பொன்னைக் கொட்டி வாங்கி, பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்ட ஒரு ராஜ்யத்தில், ஒற்றன் ஒருவனுக்கு ஒரு குதிரை கொடுப்பது என்றால் என்ன அர்த்தம்? அந்தக் குதிரை செத்தால் அவன் என்ன ஆவான்? இதை வைத்தே ஒரு சாகச நாவல் எழுதலாம். நான் படித்தவரையில் யாரும் எழுதவில்லை.

பாண்டிய ராஜாக்களின் குதிரைக் கதைகளில் நமக்கெல்லாம் தெரிந்தது மாணிக்கவாசகர் கதை. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மந்திரி திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழிக்க, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்து ஒப்படைக்கிறார். தாத்தாவுக்கு ரொம்பப் பிடித்த கதை. "நரியக் குதிரையின்னு வித்தது சாமி மட்டும் இல்லடா தம்பி. சுழி பாக்கத் தெரியாதவன் சந்தைக்குப் போனா அதுதான் நடக்கும்" என்பார். அதைவிட அவருக்கு உயிர் தேசிங்கு ராஜன் கதை. செஞ்சிக்கோட்டையில் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்த இளைஞன். அவன் குதிரை பாராசாரியைப் பற்றிப் பாட்டில் வரும்போது தாத்தாவின் குரல் ஒரு சுற்று ஏறும். தேசிங்கு செத்ததைவிடக் குதிரைக்கு அடிபட்டதுதான் அவருக்குத் துக்கம்.

சாண்டில்யனும் எங்கள் திண்ணைக்கு வந்தார். அத்தை அவருடைய கடல் புறா நாவலைப் படித்துக்காட்டும்போது ஒரு விசித்திரம் நடக்கும். திடீரென்று குரல் வேகம் பிடிக்கும், "ம்ம்… ம்ம்…" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு மூன்று பக்கம் புரட்டுவாள். தாத்தா கூரையைப் பார்ப்பார். வர்ணனை என்று நான் புரிந்துகொள்ள இன்னும் நாலு வருஷம் ஆனது. அதன் பிறகு அந்தப் பக்கங்களை மட்டும் தனியாகத் தேடிப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வர்ணனையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் கடல் புறாவில் ஒரு பெரிய தைரியம் இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்தின்மேல் படை அனுப்பியதைப் பற்றி அவன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்லில் வெட்டிய புகழுரை, ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், நக்கவாரம் என்று ஊர்ப்பெயர்களை அடுக்குகிறது. ஆனால் கப்பலைப் பற்றி "அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தி" என்பதோடு சரி. எத்தனை கலம்? எந்த மரம்? தண்டு வலித்தது யார்? எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள்? கல் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் சாண்டில்யன் பாய்மரத்தை ஏற்றிக்கொண்டு புகுந்தார். கதை அதற்கு ஒரு தலைமுறைக்குப் பிந்தியது. குலோத்துங்கன் இன்னும் பட்டத்துக்கு வராத இளவரசனாக, அநபாயனாக இருக்கும் காலம். அவன் நண்பன் கருணாகரன் நாயகன். கலிங்கத்துப்பரணியில் படை நடத்திச் செல்லும் அதே கருணாகரத் தொண்டைமான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1070இல். பரணி பாடும் கலிங்கப் போர் 1110 வாக்கில். கடல் புறாவில் வீறுநடை போடும் இளைஞன் பரணியில் வரும்போது அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும். முட்டிவலியோடு யானைமேல் ஏறிய அந்தக் கிழத் தொண்டைமானைப் பற்றி யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்குத்தான்.

கடல் தூரத்துக்கும் நமக்கு ஒரு சாட்சி உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி இ-ட்சிங் எழுதிவைத்த வழிக்குறிப்புகளில், கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு 30 நாள், அங்கிருந்து இலங்கைக்கு இரண்டு நாள் என்று இருக்கிறது. முப்பது நாள் என்பதுகூட வாடைக்காற்று கைகொடுத்தால்தான். காற்றைத் தவறவிட்டால் துறையில் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். காதலிக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஓலை அனுப்பினால் பதில் வர ஒரு வருஷம். இந்தக் காத்திருப்பை எழுத யாருக்கும் பொறுமை இல்லை. அத்தியாயத்துக்கு ஒரு சண்டை கேட்கிற வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு வாடைக்காற்றைப் பற்றி என்ன கவலை?

கல்கியும் வாரப் பத்திரிகையில்தான் எழுதினார். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருஷம் ஓடியது பொன்னியின் செல்வன். அவருக்கு மட்டும் எப்படி நேரம் கிடைத்தது என்று யோசித்தால், வழியில் நடப்பதையே கதையாக்கிவிட்டார் என்று தோன்றுகிறது. வந்தியத்தேவன் ஊர் போய்ச் சேர்ந்து செய்ததைவிட, போகிற வழியில் மாட்டிக்கொண்டது அதிகம். ஏரிக்கரையில் புதுவெள்ளம், கடம்பூரில் சதி, குடந்தையில் ஜோசியர் வீடு, கோடிக்கரையில் புதைசேறு. அந்தப் புதைசேற்றில் அவன் இடுப்புவரை இறங்கிக்கொண்டிருக்கும்போது பூங்குழலி வந்து கைகொடுப்பாள். வேதாரண்யத்துச் சதுப்பில் கால் வைத்தவர்களுக்கு அது கற்பனை இல்லை என்று தெரியும். கோடிக்கரையில் அவன் படகேறியதும் தாத்தா கேட்டார்.

"குதிரை?"

"அது கரையில நிக்கும்ப்பா."

"யாரு பாத்துப்பா?"

கோடிக்கரைச் சரணாலயத்தில் இன்றைக்கும் காட்டுக்குதிரைகள் மேய்கின்றன. யாரோ எப்போதோ அவிழ்த்துவிட்டுப் போன குதிரைகளின் வம்சம். அவற்றை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்த சிரிப்பைக் கூட வந்தவர்களிடம் விளக்கவே முடியவில்லை.

கும்பினிக் காலத்துக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக்கு வந்தால் தூரம் வேறுவிதமாக விளையாடுகிறது. பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் இரண்டையும் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எடுத்தார். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் உட்கார்ந்து பிள்ளை எழுதியது அது. இங்கே வாள் சுழற்றுவது குறைவு. இரண்டு தேசங்கள் ஐரோப்பாவில் எடுத்த முடிவு கப்பலேறி இங்கே வந்துசேரும்வரை, இங்கே இருப்பவர்கள் பழைய உலகத்திலேயே வாழ்கிறார்கள் என்பதுதான் இதில் சாகசம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். 1748 அக்டோபரில் ஐரோப்பாவில் சமாதானம் ஆகி, சென்னையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். கோட்டை உண்மையில் கைமாறியது 1749 ஆகஸ்டில். பத்து மாதம்! கோட்டை பிடிபட்ட சமயத்தில் அங்கிருந்து உள்ளூர்க்காரன் வேஷம் போட்டுக்கொண்டு தப்பி, கடலூர் செயிண்ட் டேவிட் கோட்டைக்கு ஓடிய இருபத்தொரு வயது குமாஸ்தாதான் பின்னால் வந்த ராபர்ட் கிளைவ். அந்த ஓட்டத்தைத் தமிழில் கிளைவ் பக்கம் நின்று எழுத முடியாது. அவனுக்கு வேட்டி கொடுத்தவன் பக்கம் நின்று எழுதலாம்.

சுஜாதாவின் ரத்தம் ஒரே நிறம் 1857க்குப் போகிறது. தந்திக்கம்பி வந்துவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856இலேயே ரயில் ஓடுகிறது. ஆனால் அதற்கு மேல் வடக்கே போக இன்னும் கால், மாட்டுவண்டி, கப்பல்தான். பாதி புதுசு, பாதி பழசான அந்தக் காலம் என்னைக் கவர்கிறது. வெள்ளைக்காரன் கையில் தந்தி, சிப்பாய் கையில் வதந்தி. நாவல் இதை இன்னும் பிழிந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சுஜாதாவுக்கு அவசரம்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. இதைச் சரித்திர நாவல் என்று யாரும் அலமாரியில் வைப்பதில்லை. சாகச நாவல் என்றால் இலக்கியக்காரர்கள் அடிக்க வருவார்கள். எனக்கு இரண்டும்தான். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். சுமாத்திராவில் மேடானில் வேலை பார்த்து, யுத்தத்தை அங்கேயே கண்ணால் கண்டு, 1946இல் திரும்பி, மதுரையில் பத்திரிகை வேலையில் அமர்ந்தார். நாவலை எழுதிப் பல வருஷம் பதிப்பாளர் கிடைக்காமல் வைத்திருந்து 1972இல் புத்தகமாக வந்தது. வட்டிக்கடை வேலைக்குக் கப்பலேறிப்போன நம் ஊர் இளைஞர்கள், 1942இல் ஜப்பானியர் வந்து இறங்கியதும் திடீரென்று உலக சரித்திரத்துக்கு நடுவில் நிற்கிறார்கள். பாண்டியன் என்கிற ஒருவன் தொங்கானில் ஏறி மலாக்கா ஜலசந்தியைக் கடந்து பினாங்கு போகிறான். தொங்கான் என்றால் சரக்கு ஏற்றும் மரக்கலம்.

நடுக்கடலில் புயல் பிடிக்கிறது. அந்தப் பக்கங்களை நான் ஐந்தாறு தடவை படித்திருக்கிறேன், இரண்டு தடவை சத்தம்போட்டு. வாக்கியங்கள் துண்டு துண்டாக உடைகின்றன. வானம் எது, கடல் எது என்று தெரியவில்லை. வீரன் யாரும் இல்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ஆள்கள்தான். இவ்வளவு சின்னக் கடலைக் கடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உடம்புக்குத் தெரிகிறது. பிறகு பினாங்கு, ஐ.என்.ஏ. என்கிற இந்திய தேசிய ராணுவம், காட்டுவழிகள், மதுக்கடைப் பேச்சுகள். நடுநடுவே மதுரைத் தெருக்கள் பாண்டியன் மனசுக்குள் புகுந்து புறப்படுகின்றன. ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கிலோமீட்டரில் சொல்லாமல், தெருப்பெயர்களை அடுக்கியே சொல்லிவிடுகிறார் மனுஷன்.

ஒரு நாள் பழைய அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது திடுக்கென்றது. பினாங்குக்கு எதிர்க்கரை கெடா. பினாங்குத் தீவையே 1786இல் ஆங்கிலேயர்கள் கெடா சுல்தானிடமிருந்துதான் வாங்கினார்கள். கெடாதான் கடாரம். ராஜேந்திரன் பல கலம் செலுத்திய கடலும், கருணாகரனைச் சாண்டில்யன் உலவவிட்ட கடலும், பாண்டியன் தொங்கானில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த கடலும் ஒரே கடல். நடுவில் 900 வருஷம். காற்று மட்டும் அதே மாதங்களில் அதே பக்கம் வீசிக்கொண்டிருந்திருக்கிறது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் காட்டுமன்னார்கோயில் போனேன். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலோரமாக வீராணம் வந்துகொண்டே இருந்தது. சென்னைக்குத் தண்ணீர் போகும் குழாய்கள் இந்த ஏரியை நம்பித்தான். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் தேடிப் பார்க்க வேண்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் சுற்றத்தாருடைய நிலங்களைப் பறித்த கதையைச் சொல்கிறது. ஐந்து பாகம் ஓடும் கதையின் கொலைக்கு நமக்குக் கிடைத்த பெரிய தடயம் அதுதான். கதை தொடங்கும் ஏரிக்கரையிலிருந்து அங்கே நடந்தே வந்துவிடலாம். அந்தக் கரையில் குதிரைமேல் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்த இளைஞனுக்கு மட்டும் அது தெரியாது. கல்லில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். எழுத்து ஒன்றும் எனக்கு ஓடவில்லை. குருக்கள் "புரியறதா?" என்றார். "இல்லீங்க, ஆனா கதை தெரியும்" என்றேன்.

அந்தப் பயணத்தில் பழைய வீட்டுப் பரணைக் காலி செய்யும் வேலையும் இருந்தது. லகான் கிடைக்கவில்லை. என் நோட்டு கிடைத்தது. பதினைந்து வயதில் நான் எழுதத் தொடங்கிய சரித்திர நாவல். பதின்மூன்றாம் நூற்றாண்டு. சோழ ஒற்றன் ஒருவனை மதுரையில் பிடித்துவிட்டார்கள், விடிந்தால் கழுவேற்றம். அவன் நண்பன் சாயந்திரம் தில்லையில் சேதி கேட்டு, குதிரையில் தாவி ஏறி, இரவோடு இரவாகப் பறந்து, கோழி கூவும் நேரத்தில் மதுரைக் கோட்டைவாசலில் இறங்குகிறான். மூன்று அத்தியாயம். அத்தை தாத்தாவுக்குப் படித்துக்காட்டினாள், இந்தத் தடவை எந்தப் பக்கத்தையும் தாண்டாமல்.

தாத்தா ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு "நோட்ட எடுத்துக்கிட்டு வா" என்றார். ஓரத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. மாயவரம். கும்பகோணம், லாடம் பார்க்கணும். தஞ்சாவூர், ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் நல்லது. அதற்கு மேல் அவருக்கு வழி தெரியாது. பக்கத்து வீட்டு லாரி டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை, திருப்பத்தூர், மேலூர், மதுரை. ஒவ்வோர் ஊருக்கும் எதிரில் "தண்ணி" என்று என் கோணல் எழுத்து.

"எட்டு நாள் ஆவுது தாத்தா. அவன மறுநாள் காலையில கழுவேத்திடுவாங்களே?"

"அப்ப எட்டு நாளைக்கு முன்னாடியே சேதி வந்துடுச்சின்னு எழுது."

"எட்டு நாள் இருந்தா நிதானமா போய்ச் சேந்துடுவானே. அதுல என்ன தாத்தா இருக்கு?"

தாத்தா வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பைத் தடவி, மடித்து, கடைவாயில் அதக்கிக்கொண்டு யோசித்தார்.

"என்னா மாசம்?"

"போடலை."

"ஆடின்னு போடு. கொள்ளிடத்துல வெள்ளத்த வுடு."